ஓய்வு நேரத்தில் எழுதியவையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு மலரில் 19ஆம் நூற்றாண்டின் கிறிஸ்தவப் பாடல்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையில், அவற்றுள் பல 'பெண்கள் ஓய்வு நேரத்தில் எழுதியவை' என்று போகிறபோக்கில் ஒரு வரி வருகிறது. அமெரிக்கப் பாடலாசிரியை ஃபேனி கிராஸ்பிக்கு அந்த ஓய்வு எப்போது வாய்த்தது என்பதையும் கட்டுரையாளர் சொல்லியிருந்தால் நன்றியுடையவளாக இருந்திருப்பேன்.

கைக்குழந்தையாக இருந்தபோதே பார்வையை இழந்து, நியூயார்க்கில் பார்வையற்றோர் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியையாகவும் பணியாற்றிய அந்த அம்மையார், எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களை எழுதி, பாட்டுக்கு ஒன்றிரண்டு டாலர் கூலி பெற்றவர் என்பது தாங்கள் அறியாததல்ல. புத்தகம் முழுவதும் ஒரே பெண்ணின் பெயர் தெரியக்கூடாதென்று பதிப்பாளர்கள் அவருடைய பாடல்களை ஏறத்தாழ 200 புனைபெயர்களில் அச்சிட்டார்கள். 1873இல் 'பிளெஸ்ட் அஷ்யூரன்ஸ்' பாட்டுக்கு மெட்டமைத்தவரும் ஃபீபி நாப் என்ற பெண்மணியே. அவர் முதலில் மெட்டை வாசித்துக் காட்ட, கிராஸ்பி அதற்குச் சொல் அமைத்தார். அந்தப் பாட்டைப் புகழ்ந்து ஒரு பத்தி எழுதிய தங்கள் கட்டுரையில் நாப்பின் பெயரையே காணோம்.

இது புதிதன்று. முன்பொரு முறை தங்கள் இசைச் சிறப்பிதழில் ஜெர்மானிய இசையமைப்பாளர் ஃபேனி ஹென்சலை, புகழ்பெற்ற இசையமைப்பாளரான தம்பியின் பெயரால் 'மெண்டல்ஸோனின் சகோதரி' என்பதோடு முடித்துவிட்டீர்கள். இசை உன் தம்பிக்குத் தொழிலாகலாம், உனக்கோ அணிகலனாக மட்டுமே இருக்க முடியும் என்று 1820இல் தந்தை எழுதியதையும், 1842இல் விக்டோரியா மகாராணி மெண்டல்ஸோனின் பாடல் என்று எண்ணி விரும்பிப் பாடியது தமக்கையின் பாடலே என்று அந்தத் தம்பியே ஒப்புக்கொள்ள நேர்ந்ததையும் சொல்லத் தங்களுக்குப் பக்கம் போதவில்லை போலும்.

நான் பல ஆண்டுகள் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவள். கேரல் ஆராதனைக்கான தாளில் 'ஒன்ஸ் இன் ராயல் டேவிட்ஸ் சிட்டி'க்கு மெட்டமைத்த காண்ட்லெட்டின் பெயர் தவறாமல் இருக்கும். பாட்டை எழுதிய செசில் ஃபிரான்சஸ் அலெக்ஸாண்டரின் பெயரையும் சேர்க்கச் சொன்னால், 'இடமில்லை அம்மா' என்பார்கள். அச்சுச் செலவை ஏற்ற ஜவுளிக்கடையின் பெயருக்கோ தாளின் கால்பங்கு ஒதுக்கப்பட்டிருக்கும்.

அக்கட்டுரையில் 'ஓர் ஆங்கிலப் பாடலின் தமிழாக்கம்' என்ற குறிப்போடு தாங்கள் வெளியிட்ட 'நான் பாவிதான்' பாட்டை ஆங்கிலத்தில் எழுதியவர் நெடுங்கால நோயாளியான ஷார்லட் எலியட். அவர் பெயரை அடுத்த இதழில் ஒரு வரியில் வெளியிட்டு உதவுமாறு பணிவன்புடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
பாளையங்கோட்டை