எஸ்டேட் ஆபீஸ் திறந்திருக்கும்போதே

ஆசிரியருக்கு வணக்கம்.

தேயிலைத் தோட்டங்கள் நலிந்து வருவது பற்றி உங்கள் இதழில் அவ்வப்போது செய்தி வருகிறது. பச்சைத் தேயிலை விலை, ஏலம், நட்டக் கணக்கு எல்லாம் அதில் இருக்கும். சம்பளம் எப்போது வரும் என்றே தெரியாமல் தினமும் அதே தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் அந்த நாட்களை எப்படி ஓட்டுகிறார்கள் என்பது வருவதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

பந்தலூர் பக்கம் ஒரு தனியார் எஸ்டேட்டில் செக்ரோல், அதாவது தொழிலாளர் பெயர், வேலை நாள், சம்பளக் கணக்குப் பதிவேடு, எழுதுகிறேன். பல எஸ்டேட்டுகளும் ஃபாக்டரிகளும் வைத்திருக்கும் பெரிய கம்பெனி. பெயர் வேண்டாம். எங்களுக்குச் சம்பளம் மாதக்கணக்கில் தள்ளிப்போகிறது, ஸ்டாஃபுக்கும் அதே கதிதான்.

எஸ்டேட் சாயத் தொடங்கினால் அது முதலில் தேயிலைக் காட்டில்தான் தெரியும். நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை விழ வேண்டிய கவாத்து (செடியை உயரம் குறைத்து வெட்டிவிடுவது) தள்ளிப்போகும். அப்புறம் உரம் பாதியாகும். கவாத்து விழாத செடி ஆள் உயரத்துக்குக் கிளம்பிவிடும். கொழுந்து கைக்கு எட்டாது, எட்டுவதும் முற்றலாக இருக்கும். கிலோ குறையும், கிலோ குறைந்ததால் நட்டம் என்பார்கள். அடுத்து ஆஸ்பத்திரியில் மருந்து தீரும், ஃபாக்டரிக்கு விறகு வராது. கடைசியில்தான் சம்பளத்தில் கை வைப்பார்கள். இருபது முப்பது வருஷம் கொழுந்து எடுத்த பெண்கள் கவாத்து நின்ற அன்றே இதைச் சொல்லிவிட்டார்கள்.

காலையில் மஸ்டர் (ஆள் வருகைக் கணக்கு) எடுக்கும்போது, "தம்பி, சம்பளம் எப்பனு ஏதும் சொன்னாங்களா?" என்று கேட்பார்கள். மேலே இருந்து எனக்கு ஒரு வார்த்தையும் வந்திருக்காது. அந்த இடைவெளியை வதந்தி நிரப்பிவிடுகிறது. கேரளாக்காரர் யாரோ வாங்கப் போகிறார் என்று ஒரு வாரம், வங்கி ஜப்தி செய்யப் போகிறது என்று அடுத்த வாரம். நல்ல செய்தி என்றால் கடைக்காரர் பற்று நீட்டுவார், கெட்ட செய்தி என்றால் பழைய பாக்கியைக் கேட்பார். குழுக்கடன் தவணை மட்டும் எந்த வதந்திக்கும் நிற்காது, வாரம் தவறாமல் வாசலுக்கு வந்துவிடும். பெண்ணுக்குப் பேசி வைத்த கல்யாணத்தைத் தள்ளிப் போடுகிறார்கள். பையன் பன்னிரண்டாவது முடிக்காமல் திருப்பூருக்குப் பஸ் ஏறுகிறான். எஸ்டேட் கொடுத்த, வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒழுகினால் அதற்குத் தகரம் மாற்றலாமா வேண்டாமா என்பதைக்கூட முடிவு செய்ய முடியவில்லை.

"வேறு வேலைக்குப் போக வேண்டியதுதானே" என்று வெளியில் இருப்பவர்கள் எளிதாகக் கேட்கிறார்கள். வேலையை விட்டால் வீடும் போகும். தாத்தா காலத்தில் வந்து குடியேறிய லைன் வீடு, சொந்தமாக ஒரு சென்ட் இடம் கிடையாது. இதுதான் ஆட்களைப் பிடித்து வைத்திருக்கிறது.

காத்திருப்பது எவ்வளவு நீளும் என்பதற்கு நம் மலையிலேயே சாட்சி இருக்கிறது. ஊட்டி இந்து நகரில் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 1960இல் தொடங்கப்பட்டது. மத்திய அரசு நிறுவனம், ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் செய்தது, ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கொடுத்தது. டிஜிட்டல் கேமரா வந்து அதை முடித்துவிட்டது என்பார்கள். அது பாதிதான் உண்மை. வீடுகளுக்கு டிஜிட்டல் கேமரா வருவதற்கு முன்பே, 1996இல், அது நலிந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டுவிட்டது. பாலியெஸ்டர் எக்ஸ்ரே திட்டத்துக்கு வாங்கிய கடனும், இறக்குமதி வரி குறைந்ததும் அதற்கு முன்பே அழுத்தத் தொடங்கியிருந்தன. மூடிவிடலாம் என்ற பரிந்துரை 2003இல் வந்தது. ஊழியர்கள் எல்லோருக்கும் விருப்ப ஓய்வுத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது 2014இல். 1996இல் 35 வயதாக இருந்தவருக்கு அப்போது 53. புதிதாக ஒரு தொழில் கற்றுக்கொண்டிருக்கலாம், பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோதே ஊர் மாறியிருக்கலாம். அந்த வயதெல்லாம் இன்று முடிவு வரும் நாளை வரும் என்பதிலேயே கழிந்தது.

பழனி மலையிலும் இப்படித்தான். கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஃபாக்டரி பாதரசப் பிரச்சினையால் 2001இல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் கம்பெனி உடன்பாட்டுக்கு வந்தது 2016இல்தான்.

ஆகவே கம்பெனியோ அரசோ நாளைக்கே முடிவு சொல்லும் என்று நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம் என்றுதான் எங்கள் ஆட்களிடம் சொல்லி வருகிறேன். ஆபீஸ் திறந்திருக்கும்போதே செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன. அதில் பெரியது பெயர் திருத்தம். சேர்ந்த காலத்தில் எவரோ எழுதிய பெயர்தான் செக்ரோலில் இருக்கும். அதில் 'லெட்சுமி', ஆதாரில் 'மகாலட்சுமி', ரேஷன் கார்டில் வேறொன்று. பிறந்த தேதி பாதிப் பேருக்கு ஜனவரி ஒன்று. வேலை நடக்கும்வரை இதனால் எந்தத் தொந்தரவும் இல்லை. பி.எஃப். பணத்தை எடுக்கப் போகும்போதுதான் மனு திரும்பி வரும். பழைய தொழிலாளிகளுக்குப் பெரும்பாலும் கம்பெனியின் ஒப்புதலோடுதான் இதைத் திருத்த முடியும். கம்பெனி மூடிவிட்டாலும் வழி இருக்கிறது, ஆனால் கையெழுத்துக்கு அலைய வேண்டும். இன்று மானேஜர் பக்கத்து அறையில் இருக்கிறார். ஒரு நாள் வேலை.

அடுத்தது பி.எஃப். பணம் உண்மையில் கட்டப்படுகிறதா என்று பார்ப்பது. சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுவது கிரிமினல் குற்றம். யுஏஎன் என்கிற பி.எஃப். உறுப்பினர் எண்ணோடு இணைத்த போனிலிருந்து 9966044425க்கு மிஸ்டு கால் கொடுத்தால் கடைசியாக வரவு வைத்த விவரம் எஸ்எம்எஸ்ஸில் வரும். நான் சொன்னதும் ஒரு அம்மா மத்தியான இடைவேளையில் ஷெட்டில் உட்கார்ந்தபடியே பேத்தியின் போனில் கூப்பிட்டுப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. பி.எஃப். கணக்கில் இருப்பது என்றைக்கோ கைவிட்ட பழைய சிம் நம்பர். அதையும் மாற்ற வேண்டியிருந்தது.

வேலையை விட நினைப்பவர்கள் இரண்டு கணக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு, தானாக ராஜினாமா செய்தாலும், கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடை உண்டு. வருஷத்துக்கு 15 நாள் சம்பளம். "நீயே போனால் கிடையாது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பி.எஃப். பென்ஷனுக்குப் பத்து வருஷ சர்வீஸ் வேண்டும். ஒன்பது வருஷம் முடித்தவர் அவசரத்தில் பணத்தை எடுத்துவிடாமல் அடுத்த வேலைக்கு அதே யுஏஎன் எண்ணைக் கொடுத்தால் சர்வீஸ் தொடரும்.

கம்பெனி திவால் சட்டத்துக்குள் போனாலும் கை விரிக்க வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி கம்பெனியைக் கலைத்துச் சொத்தை விற்கும்போது, தொழிலாளிக்கு அதற்கு முந்தைய 24 மாதங்களுக்கு வர வேண்டிய பாக்கி, அடமானம் பிடித்த வங்கியின் கடனுக்குச் சமமான வரிசையில் நிற்கும். ஆனால் கேட்டு மனுப் போட வேண்டும், கூடவே ஆதாரமும் வேண்டும். சம்பளச் சீட்டை வெற்றிலைப் பையில் மடித்து வைத்து நைந்துபோக விடாதீர்கள். போனில் ஒரு படமாவது எடுத்து வையுங்கள்.

கம்பெனிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். மாதம் ஒருமுறை மஸ்டர் ஷெட்டில் ஒரு தாள் ஒட்டுங்கள். பி.எஃப். எந்த மாதம் வரை கட்டியாயிற்று, சம்பளப் பாக்கி எவ்வளவு, அடுத்த பட்டுவாடா எப்போது, விற்பனைப் பேச்சு நடக்கிறதா இல்லையா. கெட்ட செய்தியானாலும் சரி. சம்பளம் இரண்டு மாதத்துக்கு இல்லை என்று தெரிந்தால் இங்குள்ள பெண்கள் அதற்கேற்ப வெளி வேலை பார்த்துக்கொள்வார்கள், நகையை மீட்பதா விடுவதா என்று முடிவு செய்வார்கள். அவர்களுக்குக் கணக்குப் போடத் தெரியும். கணக்கைத்தான் காட்ட மாட்டேன் என்கிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே பொறுக்க முடியாத விஷயம்.

உங்களிடமும் ஒரு கோரிக்கை உண்டு. 'வைப்பு நிதி உங்கள் அருகில்' என்று மாதந்தோறும் 27ஆம் தேதி மாவட்டங்களில் பி.எஃப். அலுவலகம் குறைதீர் முகாம் நடத்துகிறது. நீலகிரியில் அந்த மாதம் எந்த இடத்தில் நடக்கிறது என்பது எங்கள் லைன்களுக்கு எட்டுவதில்லை. நான்கைந்து நாள் முன்னதாக உங்கள் இதழில் இடத்தையும் நேரத்தையும் கட்டம் கட்டிப் போட்டால் நாங்கள் வெட்டி எடுத்து ஷெட்டில் ஒட்டிக்கொள்வோம். பந்தலூரிலிருந்து ஊட்டிக்குப் போய்வர ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போய்விடும். வருஷத்தில் இரண்டு முறையாவது முகாமைக் கூடலூரிலோ பந்தலூரிலோ நடத்தச் சொல்லி நீங்களும் எழுத வேண்டும். கம்பெனி தரப்பிலும் யாராவது ஒருவர் அன்று வந்து உட்கார்ந்தால் பெயர் திருத்தங்களை அங்கேயே முடித்துவிடலாம்.

எஸ்டேட் எழுத்தர் ஒருவர்,
பந்தலூர் வட்டம், நீலகிரி.