7,000 டாலருக்கு ஆறு வருடச் சண்டை

அன்புள்ள செல்வி,

உன் மெயில் வந்து நாளாகிவிட்டது, கோவித்துக்கொள்ளாதே. கோர்ட்டுக்கு லீவு விட்ட பிறகுதான் மூச்சு விட முடிந்தது. உன் பையனுக்கு அந்த அமெரிக்க மலிவு விலைக் கடைக் கம்பெனி வால்மார்ட்டின் தலைமை அலுவலகத்திலேயே வேலை கிடைத்ததில் எனக்கும் சந்தோஷம்தான்டி. பென்டன்வில் மியூசியத்தில் சாம் வால்டன் ஓட்டிய பழைய சிவப்பு ஃபோர்டு வண்டியைப் பார்த்துவிட்டு, இவ்வளவு எளிமையான மனுஷன் ஆரம்பித்த கடை மேல் ஏன் இத்தனை கேஸ் என்று கேட்டிருந்தாய். லேபர் கோர்ட்டில் காலத்தைக் கழித்தவளிடம் கேட்டால் இப்படி நீளமாகத்தான் பதில் வரும், பொறுத்துக்கொள்.

உலகம் முழுக்க 20 லட்சம் பேருக்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில் கேஸ் இல்லாமல் இருந்தால்தான் அதிசயம். அதனால் எண்ணிக்கையை விடு. எதைக் காசு கொடுத்து முடிக்கிறார்கள், எதை விடாமல் இழுக்கிறார்கள் என்று மட்டும் பார். போதை தரும் வலி மாத்திரைகளைக் கண்மூடித்தனமாக விற்றார்கள் என்று மாநிலங்கள் போட்ட வழக்குகளை முடிக்க 2022-ல் 310 கோடி டாலர் தர ஒத்துக்கொண்டார்கள். தப்பு செய்தோம் என்று மட்டும் சொல்லவில்லை. மெக்சிகோ, பிரேசில், சீனா, நம் இந்தியா என்று நாலு நாட்டில் லஞ்சத்தைத் தடுக்க ஏற்பாடு செய்யாமல் விட்ட விவகாரத்துக்கு 2019-ல் சுமார் 28 கோடி டாலர். கட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள்.

ஆனால் ஒரு 7,000 டாலர் அபராதத்துக்கு எத்தனை வருடம் சண்டை போட்டார்கள் தெரியுமா? 2008 நவம்பர், நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் வேலி ஸ்ட்ரீம் கடை. பிளாக் ஃபிரைடே என்று நவம்பர் கடைசியில் அங்கே வரும் பெரிய தள்ளுபடி நாள், விடியற்காலை 5 மணிக்குத் திறப்பு, வெளியே சுமார் 2,000 பேர். கூட்டம் நெருக்கிய நெருக்கில் கதவே பிய்த்துக்கொண்டு வந்தது. உள்ளே நின்ற 34 வயது தற்காலிக ஊழியர் மிதிபட்டு இறந்துபோனார். தொழிலாளர் பாதுகாப்புத் துறை போட்ட அபராதம் அந்த 7,000 டாலர். அவர்களுக்கு அது ஒரு நிமிட வியாபாரம்கூட இல்லை. உள்ளூர் அரசு வக்கீலோடு பேசி கிட்டத்தட்ட 20 லட்சம் டாலரை நலத்திட்டம், இழப்பீடு என்று ஏற்கெனவே கொடுத்தாயிற்று. இந்த 7,000-ஐ மட்டும் கட்டமாட்டேன் என்று அப்பீலுக்கு மேல் அப்பீல் போய், 2015-ல்தான் கைவிட்டார்கள். ஏனென்றால் அதைக் கட்டினால், கூட்ட நெரிசலும் வேலையிடத்து ஆபத்துதான், அதற்கு முதலாளி முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும் என்று ஆகிவிடும். அப்புறம் ஒவ்வொரு தள்ளுபடிக்கும் ஒவ்வொரு கடையிலும் அந்த விதி வந்து நிற்கும். பணம் அவர்களுக்குப் பெரிதில்லை செல்வி, தங்கள் மேல் ஒரு விதி எழுதப்படுவதைத்தான் அவர்களால் தாங்க முடியாது.

பெட்டி டியூக்ஸ் கேஸை நம் ஜூனியர்களுக்கு நான் அடிக்கடி சொல்வேன். கலிபோர்னியாவில் பிட்ஸ்பர்க் என்ற ஊர்க் கடையில் 1994-ல் மணிக்கு 5 டாலருக்குச் சேர்ந்தவர். மேலே வர வேண்டும் என்று ஆசைப்பட்டார், வாய்ப்பே தரவில்லை என்பது அவர் புகார். சில்லறை எடுப்பதற்காக ஒரு சென்ட் பில் போட்டு கல்லாவைத் திறந்தார், எல்லோரும் செய்வதுதான் என்கிறார். அதற்காகப் பதவி இறக்கி மறுபடி கல்லாவுக்கே அனுப்பினார்கள், பிறகு கடை வாசலில் வணக்கம் சொல்லும் வேலைக்குப் போக நேர்ந்தது. 2001-ல் அவரும் இன்னும் சில பெண்களும் போட்ட வழக்கு, சுமார் 15 லட்சம் பெண்கள் சார்பிலான வழக்காக வளர்ந்தது. மணிக்கணக்குக் கூலி வேலையில் 70 சதவீதம் பெண்கள், நிர்வாகத்தில் வெறும் 33 சதவீதம். இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று நமக்குத் தோன்றும். கம்பெனி என்ன சொன்னது? சம்பளம், பதவி உயர்வு எல்லாம் அந்தந்த மேனேஜர் விருப்பம், ஆயிரக்கணக்கான கடைகளில் ஆயிரக்கணக்கான மேனேஜர்கள் எடுத்த முடிவுக்குப் பொதுவான காரணம் எங்கே என்றது. 2011 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று அதை ஏற்றுக்கொண்டது. பாகுபாடு நடந்ததா இல்லையா என்று விசாரணையே இல்லை, சேர்ந்து வழக்கு நடத்த முடியாது என்பதோடு சரி. சின்னக் கம்பெனி இதே தப்பைச் செய்திருந்தால் மாட்டியிருக்கும் என்பது என் எண்ணம். அந்த அம்மா 2017-ல் இறந்துவிட்டார்.

எல்லாவற்றிலும் ஜெயித்தார்கள் என்று நினைக்காதே. பென்சில்வேனியாவில் இடைவேளையே கொடுக்காமல் வேலை வாங்கியதாக வந்த வழக்கில் 2006-ல் பிலடெல்பியா ஜூரி தொழிலாளர் பக்கம் தீர்ப்புச் சொன்னது, 2016-ல் உச்ச நீதிமன்றம் அப்பீலை எடுக்காமல் விட்டதால் அது நிலைத்தது. இத்தனைக்கும் கம்பெனியே 2000-ல் 128 கடைகளில் ஒரு வாரத்துப் பதிவேட்டைப் பார்த்து உள் தணிக்கை செய்திருந்தது, இடைவேளை விடுபட்டதாக அதில் 60,000-க்கும் மேல் பதிவுகள். முதலாளியின் கையெழுத்திலேயே இப்படி ஒரு சாட்சி எனக்கு ஒருமுறையாவது கிடைக்காதா என்று பெருமூச்சுதான் வருகிறது.

கனடாவில் கியூபெக் மாகாணத்து ஜான்கியேர் கதை வேறு மாதிரி. அந்தக் கடை ஊழியர்கள் 2004-ல் சங்கம் வைத்து அங்கீகாரமும் வாங்கிவிட்டார்கள். முதல் ஊதிய ஒப்பந்தம் கைக்கு வருவதற்குள், 2005 ஏப்ரலில், கடையையே மூடிவிட்டது நிர்வாகம். நஷ்டம் என்று காரணம். கிட்டத்தட்ட 190 பேர் வீட்டுக்குப் போனார்கள். ஊழியர்கள் ஒரு வழக்கில் 2009-ல் தோற்று, இன்னொரு சட்டப்பிரிவைப் பிடித்து 2014-ல் கனடா உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். பேச்சுவார்த்தை முடியுமுன் வேலை நிலைமையை மாற்றக் கூடாது என்ற விதியை நிர்வாகம் மீறிவிட்டது என்றது தீர்ப்பு. நஷ்டஈடு சரி, கடை திரும்பத் திறக்குமா? மற்ற ஊர்களில் சங்கம் வைக்க நினைத்தவர்களுக்குப் போகவேண்டிய சேதி போய்விட்டது. வாய்தா வாங்கியே காலத்தை ஓட்டுவதில் நம் ஊர்க்காரர்கள்தான் கெட்டி என்று நினைத்திருந்தேன்.

அங்கே மளிகை வாங்காதே என்றெல்லாம் சொல்லவில்லை, விலை குறைவு என்பது கைச்சம்பளக்காரர்களுக்குப் பெரிய விஷயம்தான். பையனிடம் இதையெல்லாம் சொல்லிப் பயமுறுத்தவும் வேண்டாம். ஆனால் வேலை ஒப்பந்தத்தில், தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போகலாமா, சமரசத் தீர்ப்பாயத்துக்குத்தான் போகணுமா என்று ஏதாவது பத்தி இருக்கிறதா பார்க்கச் சொல். இருந்தால் எனக்கு ஸ்கேன் செய்து அனுப்பு.

இங்கே எல்லோரும் நலம். கீதாவுக்கு ஏழாம் மாதம், வளைகாப்பு தை கடைசியில். டிக்கெட் இப்போதே போட்டுவிடு, கடைசி நேரத்தில் விலை அதிகம் என்று சாக்குச் சொல்லாதே.

உன்,
மலர்விழி