டூல்பாக்ஸ் மீட்டிங்கில் ஒரு நாள் சைக்கிளைப் பற்றியும் பேசுங்கள்

சிங்கப்பூரில் தமிழ்த் தொழிலாளர்களை வைத்து வேலை வாங்கும் சூப்பர்வைசர்களுக்கும், சேஃப்டி கோஆர்டினேட்டர்களுக்கும், டார்மிட்டரி (தொழிலாளர் விடுதி) நடத்துபவர்களுக்கும்,

வணக்கம்.

தினமும் காலையில் வேலை தொடங்கும் முன், டூல்பாக்ஸ் மீட்டிங்கில் ஆட்களை வரிசையாக நிறுத்தி ஹார்னஸ் (உயரத்தில் வேலை செய்யக் கட்டும் பாதுகாப்புப் பட்டை) மாட்டச் சொல்கிறீர்கள், ஏணியைப் பார்த்து ஏறச் சொல்கிறீர்கள், கிரேனுக்குக் கீழே நிற்காதே என்கிறீர்கள். எதிரே நிற்பவர்களில் சிலர் அரை மணி நேரம் முன்புதான் துவாஸ் தொழிற்பேட்டைப் பக்கம் கன்டெய்னர் வண்டிகளுக்கு நடுவே சைக்கிள் மிதித்து வந்திருப்பார்கள். அதைப் பற்றி மட்டும் பேச்சே வருவதில்லை. ஒரு காலை, பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். என்ன பேசலாம் என்பதையும் நாங்களே எழுதிவிடுகிறோம்.

"ஊர்ல சின்ன வயசுலேர்ந்து சைக்கிள் ஓட்டுனவனுக்கு நான் என்ன சொல்லித் தர்றது?" என்று தோன்றும். இங்கும் இடது பக்கம்தான் போகிறோம். அதனாலேயே எல்லாம் ஊர் மாதிரி என்ற நினைப்பு வந்துவிடுகிறது. ஆனால் விடியலே ஊர் மாதிரி இல்லை. 1982 தொடக்கத்தில் சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்துக்கொண்டது. வருஷம் முழுக்கச் சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் எழும். ஆறேகாலுக்குக் கிளம்புகிறவருக்கு இங்கே கும்மிருட்டு. மாலை 7 முதல் காலை 7 வரை முன்னால் வெள்ளை விளக்கு எரிய வேண்டும், பின்னால் சிவப்பு விளக்கோ சிவப்பு ரிஃப்ளெக்டரோ இருக்க வேண்டும் என்பது சட்டம். ரிஃப்ளெக்டர் போதும் என்று சட்டம் சொன்னாலும் எங்களுக்குப் போதாது. ஹெட்லைட் அதன்மேல் நேராக விழுந்தால்தான் மின்னும். வளைவில் விழாது, சேறு படிந்தால் இருந்தும் இல்லாததுதான். பின் விளக்கை, ரெயின்கோட்டோ முதுகுப் பையோ மறைக்காத இடமாகப் பார்த்துக் கட்டச் சொல்லுங்கள்.

சைட்டில் நீங்கள் கொடுக்கும் சாமான்களில் ஒன்று சாலையில் நன்றாக உதவும், ஒன்று உதவாது. பளபளக்கும் பட்டை போட்ட சேஃப்டி வெஸ்ட்டை வீடு வரைக்கும் போட்டுக்கொண்டே போகட்டும், அதற்குத் தடை சொல்லாதீர்கள். சைட் ஹெல்மெட் மேலிருந்து விழும் பொருளுக்காகச் செய்தது. சைக்கிளிலிருந்து விழுகிறவனுக்கு அடி பக்கவாட்டிலும் பின்னந்தலையிலும் படும், அதற்குள் அந்த ஹெல்மெட் கழன்று உருண்டிருக்கும். சாலையில் ஓட்டினால் ஹெல்மெட் கட்டாயம். அது சைக்கிள் ஹெல்மெட்டாக இருக்கட்டும். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி, தாடைப் பட்டைக்குள் ஒரு விரல் நுழையும் இறுக்கம். ஒரு முறை பலமாக அடிபட்டதை மறுபடி போடக் கூடாது, விரிசல் உள்ளே இருந்தால் வெளியே தெரியாது.

பதினைந்து நிமிடத்தில் பாதியை லாரிக்கு வையுங்கள். நீள வண்டி இடது பக்கம் திரும்பும்போது முன் சக்கரம் போன தடத்தில் பின் சக்கரம் போகாது. உள்பக்கமாகச் சுருக்கி, ஓரத் திண்டை உரசிக்கொண்டு வரும். சிக்னலில் லாரிக்கு இடது பக்கம் சந்து கிடைத்தது என்று முன்னேறி நிற்கிறவர் அந்த இடத்தில்தான் மாட்டுகிறார். ஓட்டுநர் உட்கார்ந்திருப்பதோ வலது ஓரத்தில். இடது கதவை ஒட்டிக் கீழே நிற்பவர் அவர் பார்வைக்கே வர மாட்டார். இதை வாயால் சொன்னால் ஏறாது. உங்கள் யார்டிலேயே ஒரு லாரி நிற்கும். எஞ்சினை அணைத்துவிட்டு, ஒவ்வொருவராக ஓட்டுநர் இருக்கையில் ஏற்றுங்கள். இன்னொருவரை இடது கதவருகே சைக்கிளோடு நிற்க வையுங்கள். "இப்ப எங்க இருக்கான், சொல்லு" என்று கேளுங்கள். இறங்கி வரும்போது விஷயம் பிடிபட்டிருக்கும். அதற்குப் பிறகு சொல்ல வேண்டியது ஒரு வரி: லாரிக்குப் பின்னாலேயே நில், அதன் கண்ணாடியில் ஓட்டுநர் முகம் உனக்குத் தெரிகிற மாதிரி நில்.

அடுத்தது பிரேக். டார்மிட்டரியில் ஓடும் சைக்கிள்களில் பல, ஊருக்குப் போனவர் விட்டுப் போனது, கை மாறி வந்தது. வலது கைப்பிடி முன் சக்கரத்தைப் பிடிக்குமா பின் சக்கரத்தையா என்பது வண்டிக்கு வண்டி மாறும். ஏறும் முன் அமுக்கிப் பார்க்காமல், மழையில் அவசரத்துக்கு முன் பிரேக்கைப் பிடித்தால் தூக்கி எறியும். பிடியை முழுசாக அமுக்கினாலும் ஹேண்டில்பாரைத் தொடாமல் இரண்டு விரல் இடம் மிஞ்ச வேண்டும். மிஞ்சவில்லையா? பிடி அருகிலுள்ள சின்னத் திருகை வெளிப்பக்கம் சுற்றினால் கேபிள் இறுகும். திருகு முழுக்க வெளியே வந்தும் போதாவிட்டால் கீழே கேபிளைக் கவ்வியிருக்கும் போல்ட்டைத் தளர்த்தி (பெரும்பாலும் 5 மி.மீ. ஆலன் சாவி) கொஞ்சம் இழுத்து முறுக்க வேண்டும். பிரேக் கட்டை ரிம்மில் மட்டும் படியட்டும். மேலே ஏறி டயரைத் தொட்டால் டயர் கிழியும்; கீழே நழுவினால் ஸ்போக்ஸுக்குள் போகும். கட்டையில் வெட்டிய கோடு தேய்ந்து மறைந்துவிட்டால் மாற்று. கேபிளில் ஒரு நரம்பு பிரிந்திருந்தாலும் மாற்று, மீதி சீக்கிரமே அறுந்துவிடும். குரோம் பூசிய இரும்பு ரிம்மில் மழை நாளில் பிரேக் அரைகுறையாகத்தான் பிடிக்கும் என்பதால் முன்கூட்டியே லேசாகத் தொட்டுத் தண்ணீரை வழித்துவிடப் பழக்குங்கள். கைப்பிரேக் ஒன்றாவது வேலை செய்ய வேண்டும் என்பது 2021 செப்டம்பர் முதல் இங்கே சட்டமும்கூட.

ஹேண்டில்பாரில் சாப்பாட்டுப் பை தொங்கவிடுவதை நிறுத்தச் சொல்லுங்கள். அது ஆடி ஆடி முன் ஸ்போக்ஸுக்குள் ஒரு முறை நுழைந்தால் போதும், ஆள் தலைகீழ். பின் கேரியர் எதற்கு இருக்கிறது? சேஃப்டி ஷூ நாடாவை உள்ளே செருகவும், வலது கால் பேன்ட்டை ரப்பர் பேண்டால் கட்டவும் சொல்லுங்கள். இரண்டும் செயினில் சிக்கும்.

விதிகளைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். நடைபாதையில் மணிக்கு 10 கி.மீ., சைக்கிள் பாதையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் 25. மீட்டர் இல்லாதவருக்கு: பக்கத்தில் மெதுவாக ஓடுகிற ஆள் கூடவே வர முடிந்தால் அது 10. சைக்கிள் பாதையை ஒட்டி, நடப்பவருக்கு மட்டும் என்று குறி போட்ட பாதையில் 2025 ஜூலை முதல் ஏறவே கூடாது. ஞாயிற்றுக்கிழமை கூட்டமாகப் போகிறவர்களுக்கு: சாலையில் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில் போனால் ஐந்து சைக்கிள்தான். பிஐஇ, ஏஒய்இ போன்ற விரைவுச்சாலைகளில் சைக்கிளுக்கு இடமே இல்லை. ஃபோன் வரைபடத்தைக் கார் வழியில் வைத்தபடி போகிறவர்தான் அங்கே போய் மாட்டிக்கொள்கிறார், சைக்கிளுக்கு மாற்றி வைக்கச் சொல்லுங்கள்.

மலிவாகக் கிடைக்கிறது என்று மின் சைக்கிள் வாங்குகிறவர்களைத் தடுத்து நிறுத்துங்கள். வண்டிக்கு ஒப்புதல் உண்டு என்று காட்டும் ஆரஞ்சு முத்திரை, நம்பர் பிளேட், ஓட்டுபவர் எழுதித் தேறிய இணையத் தேர்வு: இதில் ஒன்று இல்லாவிட்டாலும் சட்ட மீறல். மிதிக்காமலேயே ஓடுகிற வண்டி எந்தக் கணக்கிலும் சேராது. அபராதம் கட்டுவது சம்பளத்தில்தான்.

இழப்பீட்டையும் மறைக்காமல் சொல்லுங்கள். கம்பெனி ஏற்பாடு செய்த வண்டியில் வேலைக்கு வரும்போது அடிபட்டால் வேலைக்காய இழப்பீட்டுச் சட்டம் துணைக்கு வரும். சொந்தச் சைக்கிளில் வருகிறவருக்கு அந்தத் துணை இல்லை. இது தெரிந்தால் கம்பெனி லாரி வரும் நேரத்தைத் தவறவிடுகிறவர் கொஞ்சம் யோசிப்பார். லாரியே போதாமல் சைக்கிளில் வர வைக்கிறீர்கள் என்றால் யோசிக்க வேண்டியது நீங்கள்.

டார்மிட்டரி நடத்துபவர்களிடம் கேட்பது சின்ன விஷயம். சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்றபடி அடிக்கிற பம்பு ஒன்றை அளவுமானியோடு சங்கிலியில் கட்டி வையுங்கள். ஊர்ச் சைக்கிளில் வால்டியூப் போட்ட வால்வு; இங்கே பெரும்பாலும் கார் டயரில் உள்ள அதே வால்வு, அதற்கேற்ற தலை பம்பில் இருக்கட்டும். எவ்வளவு அடிப்பது என்று டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும். பக்கத்தில் ஆலன் சாவிக் கொத்து, 15 மி.மீ. ஸ்பேனர், செயின் எண்ணெய், ஒரு விளக்கு. மாதம் ஒரு ஞாயிறு, பழுது பார்க்கத் தெரிந்த ஒருவரை அங்கே உட்கார வையுங்கள். உங்கள் ஆட்களிலேயே இருப்பார், விசாரித்தால் தெரியும். துருப்பிடித்துக் கிடப்பவற்றைக் குப்பைக்கு அனுப்பும் முன் நல்ல டயர், கேபிள், பிரேக் கட்டை எல்லாவற்றையும் அவர் கழற்றி எடுத்துக்கொள்ளட்டும். ஊருக்குப் போகிறவர் வண்டியைக் கைமாற்றும்போது, வாங்குபவர் பேரும் தேதியும் எழுதிய சீட்டு ஒன்று கொடுக்கச் சொல்லுங்கள். "இது திருட்டு சைக்கிளா?" என்று யாராவது கேட்டால் காட்ட வேறு எதுவும் அவரிடம் இருக்காது.

இப்படிக்கு,
சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களும் அதைப் பழுது பார்க்கிறவர்களும்