பெர்ரி பிரபுவின் காலண்டரில் வானத்தைக் காணோம்

அனுப்புநர்
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை,
கும்பகோணம்.

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: 2026 மாதக் காலண்டரிலும் அச்சுப்படங்களிலும் மூல ஓவியத்தை வெட்டியும் மாற்றியும் அச்சிட்டிருப்பது, பணத்தைத் திருப்பிக் கேட்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். சென்ற நவம்பரில் உங்கள் இணையக் கடையில், பெர்ரி பிரபு என்ற பிரெஞ்சுப் பிரபுவின் பழைய பிரார்த்தனைப் புத்தக ஓவியங்களைப் போட்ட 2026ஆம் ஆண்டு மாதக் காலண்டர் இரண்டும், பிப்ரவரி, மார்ச், ஜூன், அக்டோபர் மாதங்களின் பெரிய அச்சுப்படங்கள் நான்கும் வாங்கினேன். எல்லாம் சேர்ந்து 3,400 ரூபாய். பார்சல் சொன்ன நாளில் வந்தது, ஒரு மூலைகூட மடங்கவில்லை. அதற்கு நன்றி. ஆனால் உள்ளே இருந்தது நான் கேட்ட பொருள் இல்லை.

இதைப் பற்றி இரண்டு முறை போனில் பேசினேன், ஒரு மின்னஞ்சலும் அனுப்பினேன். "இதெல்லாம் அந்த ஓவியங்களைத் தழுவிச் செய்தது மேடம், அப்படியே இருக்க வேண்டியதில்லை" என்று பதில் வந்தது. அடுத்த முறை வாங்கினால் 10 சதவீதம் தள்ளுபடி தருவதாகவும் சொன்னார்கள். பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார், அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. என்ன தவறு நடந்திருக்கிறது என்பதே உங்கள் டிசைன் பிரிவுக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் காலண்டரின் பின்பக்கத்தில் "14ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியங்கள், வரைந்தவர் பெயர் தெரியவில்லை" என்று போட்டிருக்கிறீர்கள். மூன்றுமே தவறு. இவை பிரான்சின் பெர்ரி பிரபு ழான் என்பவருக்காக 1411, 1412 வாக்கில் தொடங்கிய ஒரு பிரார்த்தனைப் புத்தகத்தின் காலண்டர் பக்கங்கள். புத்தகத்தின் பெயர் 'த்ரே ரீஷ் ஏர்'. வரைந்தவர்களின் பெயர் நன்றாகவே தெரியும்: நைமேகன் ஊரிலிருந்து வந்த லிம்பூர்க் சகோதரர்கள் மூவர், ஹெர்மன், பால், யோஹான். 1416ஆம் ஆண்டு பிரபுவும் இறந்தார், அதே ஆண்டில் அண்ணன் தம்பி மூவரும் போய்விட்டார்கள். முப்பதை ஒட்டிய வயதுதான் இருக்கும் அவர்களுக்கு. வேலை பாதியில் நின்றது. நடுவில் வேறொரு கை கொஞ்சம் வரைந்தது. 1480களில் ழான் கொலோம்ப் என்ற ஓவியர் முடித்துக் கொடுத்தார். நவம்பர் மாதத்தில் பன்றிகளுக்காக ஓக் மரத்தின் கொட்டைகளை அடித்து உதிர்க்கும் படம் அவர் வரைந்தது. இந்தப் பெயர்களைத் தேடிப் போட ஒரு மணி நேரம்கூட ஆகாது.

சரி, பின்பக்கத்தில் உள்ளதை யாரும் படிக்க மாட்டார்கள் என்று நீங்கள் சொல்லலாம். முன்பக்கத்துக்கு வருகிறேன்.

மூல ஓவியத்தில் ஒவ்வொரு மாதப் படத்துக்கும் மேலே அரைவட்டமாக ஒரு வானம் இருக்கிறது. அடர்ந்த நீலம். நடுவில் குதிரைகள் இழுக்கும் சூரியனின் தேர். அதைச் சுற்றி அந்த மாதத்துக்குரிய இரண்டு ராசிகள், நாட்கணக்கும் சந்திரக் கணக்கும் எழுதுவதற்கான வளையங்கள். கீழே நிலத்தில் மனிதர்கள் உழுகிறார்கள், அறுக்கிறார்கள், குளிர் காய்கிறார்கள். மேலே காலம் நகர்கிறது, கீழே அந்தக் காலத்துக்குரிய வேலை நடக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்தால்தான் அது காலண்டர். நீங்கள் 12 மாதங்களிலும் அந்த அரைவட்டத்தை முழுசாக வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உங்கள் நிறுவன முத்திரையையும் போன் நம்பரையும் வைத்திருக்கிறீர்கள். காலண்டர் அடிப்பவர்களே காலண்டரின் தலையை வெட்டியிருப்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித் தருகிறேன். இந்த ஆண்டு முழுக்க இந்தப் புத்தகத்தை வைத்து ஒரு வேலை செய்வதாகத் திட்டம். மாதம் ஒரு பக்கத்தைப் பார்ப்பது, அப்புறம் அதே மாதத்தில் நம் தெருவிலும் வயலிலும் என்ன நடக்கிறது என்று அதே அமைப்பில் அவர்கள் வரைவது. சூரியன் தேரில் வருவதும் ராசி மாறுவதும் நம் பிள்ளைகளுக்குப் புதிது இல்லை, வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் நாளும் பார்ப்பதுதான். 600 ஆண்டுகளுக்கு முன் பிரான்சில் ஒரு பிரபுவின் புத்தகத்திலும் மகரமும் கும்பமும் இருந்தன என்று சொன்னதும் அவர்கள் முகத்தில் வந்த ஆவலை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பார்சலைப் பிரித்துக் காலண்டரை மாட்டினேன். ஏழாவது படிக்கும் ஒரு சிறுமி, "டீச்சர், நீங்க சொன்ன தேர் எங்கே?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

வானத்தை வெட்டியதால் இன்னொரு தவறும் மறைந்துபோனது. பனி மூடிய ஊர், வேலிக்குள் நெருங்கி நிற்கும் ஆடுகள், வரிசையாகத் தேன்கூடுகள், அடுப்பின் முன் பாவாடையைத் தூக்கிக் குளிர் காயும் பெண், தூரத்தில் கழுதையை ஓட்டிக்கொண்டு போகும் ஆள். இது பிப்ரவரி. மேலை நாட்டு ஓவியத்தில் பனிக்காலத்தை இப்படி வரைந்த மிகப் பழைய படங்களில் ஒன்று. நீங்கள் இதை டிசம்பரில் போட்டுவிட்டு, டிசம்பருக்குரிய காட்டுப்பன்றி வேட்டையைப் பிப்ரவரியில் போட்டிருக்கிறீர்கள். கேட்டதற்கு, "டிசம்பரில் கிறிஸ்துமஸ் வருகிறது, பனி இருந்தால் பொருத்தமாக இருக்கும் என்று டிசைனர் மாற்றினார்" என்றார்கள். மேலே அரைவட்டம் இருந்திருந்தால் கும்பமும் மீனமும் டிசம்பருக்கு மேல் நின்று காட்டிக் கொடுத்திருக்கும். வேட்டைப் படத்தின் பின்னால் தெரியும் கோபுரங்கள் வான்சென் கோட்டையுடையவை. பெர்ரி பிரபு பிறந்தது அங்கேதான், 1340 நவம்பர் 30ஆம் தேதி. டிசம்பருக்கு அந்தக் கோட்டையை ஓவியர்கள் எடுத்துக்கொண்டதற்கு அவர் பிறந்தநாளை ஒட்டிய மாதம் என்பதும் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அதைக் கொண்டுபோய்ப் பிப்ரவரியில் வைத்தால் என்ன அர்த்தம்?

அடுத்தது மார்ச். காலண்டரிலும் வாங்கிய பெரிய படத்திலும் ஒரே தவறு. உழவர் கலப்பையைப் பிடித்து நிற்கிறார், பின்னால் லூசினியான் கோட்டை. மூலத்தில் அந்தக் கோட்டையின் வலப்பக்கக் கோபுரத்துக்கு மேல் பொன்னிறத்தில் சின்னதாக ஒரு பறக்கும் நாகம் இருக்கிறது. அவள்தான் மெலுசின். கோட்டையைக் கட்டிய தேவதை என்று அந்த ஊர்க் கதை சொல்கிறது. சனிக்கிழமைகளில் தன்னைப் பார்க்கக் கூடாது என்று கணவனிடம் வாக்கு வாங்கியிருந்தாள். அவன் வாக்கை மீறி எட்டிப் பார்த்தான். பாதி உடல் பாம்பாக இருந்தவளைக் கண்டுவிட்டான். கடைசியில் அவள் நாகமாகவே பறந்துபோனாள். இந்தக் கதையை எழுதித் தரச் சொன்னவரே பெர்ரி பிரபுதான், கோட்டையும் அவருடையதுதான். உங்கள் படத்தில் மெலுசின் இல்லை. அந்த இடத்தில் வானம் மட்டும் வழவழவென்று இருக்கிறது. பழைய தாளில் விழுந்த கறை என்று நினைத்துத் துடைத்திருக்கிறார்கள். வேறு எப்படி அது போயிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அக்டோபர் படத்தைப் பற்றி எழுதும்போது இன்னும் மனசு கனக்கிறது. அது என் வகுப்புக்கு மிக முக்கியமான படம். லூவர் கோட்டைக்கு முன்னால் விதைப்பு நடக்கிறது. நீல உடை போட்டவர் கைவீசி விதைக்கிறார். குதிரை இழுக்கும் பரம்புக்கு மேல் பாரத்துக்கு ஒரு கல் வைத்திருக்கிறார்கள். பறவைகள் விதையைக் கொத்துகின்றன. நடுவில் வில் பிடித்த காவல் பொம்மை ஒன்று, சோளக்கொல்லை பொம்மை மாதிரி. மனிதர்களின் நிழல் தரையில் விழுகிறது. நிழலை இப்படிக் கவனித்து வரைந்த மிகப் பழைய படங்களில் இதுவும் ஒன்று. சின்னப் படத்தைப் பெரிதாக்க நீங்கள் ஏதோ மென்பொருளில் போட்டிருக்கிறீர்கள். அது அந்தப் பொம்மைக்குக் கண்ணும் மூக்கும் வைத்து ஆளாக்கிவிட்டது. பறவைகள் கறுப்புத் திட்டுகளாகிவிட்டன. நிழல்களைக் காணோம். ஜனவரி விருந்தில் பிரபுவுக்குப் பக்கத்தில் பொன் எழுத்தில் இருக்கும் 'அப்ரோஷ், அப்ரோஷ்' என்ற சொற்கள், 'அருகே வா, அருகே வா' என்று பொருள், உங்கள் காலண்டரில் எந்த மொழியிலும் சேராத கிறுக்கலாகியிருக்கின்றன. ஜூன் படத்தில் புல் அறுப்பவர்கள் அகலவாக்கில் இழுபட்டுக் குள்ளமாகத் தெரிகிறார்கள்.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான்கு வண்ண ஆஃப்செட்டில் தங்கம் வராது என்று எனக்கும் தெரியும். உங்கள் தளத்தில் "தங்க ஃபாயில் வேலைப்பாடு" என்று போட்டிருந்ததை நம்பித்தான் வாங்கினேன். கல்யாணப் பத்திரிகையில் அடிக்கிற ஃபாயிலாவது இருக்கும் என்று எதிர்பார்த்தேன். வந்தது கடுகு நிறம். இந்த வகை ஏடுகளில் பொன்னை வைத்து இழைப்பார்கள், விளக்கொளியில் பக்கம் மின்னும், ஒளியூட்டிய ஏடு என்று பெயர் வந்ததே அதனால்தான். நீலமோ, ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலைகளில் வெட்டிய லாபிஸ் கல்லை அரைத்து எடுத்த விலை உயர்ந்த நிறம். உங்கள் அச்சில் அது கத்தரிப்பூ நிறமாக இருக்கிறது. முதல் தாளை யாராவது வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், அந்தப் புத்தகம் பாரிசுக்கு வடக்கே ஷான்டிலி கோட்டையில் உள்ள கோந்தே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1856இல் அதை வாங்கிய ஓமால் பிரபு, தன் சேகரிப்பில் எதையும் வெளியே இரவல் கொடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அதை விட்டுச் சென்றார். 2025 ஜூன் முதல் அக்டோபர் வரை, பழுதுபார்ப்பதற்காகப் பக்கங்களைத் தனித்தனியாகப் பிரித்திருந்த சமயத்தில், 12 மாதங்களையும் அங்கே காட்சிக்கு வைத்தார்கள். போக முடிந்தவர்கள் பார்த்தார்கள். என்னால் முடியவில்லை. அந்த ஏடு என்றைக்கும் சென்னைக்கோ டெல்லிக்கோ வரப்போவதில்லை. எங்களுக்கு அச்சில் வருவதுதான் அந்தப் புத்தகம். என் பீரோக் கதவின் உள்பக்கம் பிப்ரவரி படம் ஒன்று ஒட்டியிருக்கிறது. வேலையில் சேர்ந்த புதிதில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஓர் ஆங்கில இதழிலிருந்து கத்தரித்தது. மங்கிப் போய்விட்டது, ஓரம் கிழிந்திருக்கிறது. ஆனாலும் அதில் வானம் இருக்கிறது, தேர் இருக்கிறது.

தழுவல் என்றீர்களே, தழுவலை நான் மதிக்கிறேன். நானே பிள்ளைகளைத் தழுவி வரையத்தான் சொல்கிறேன். மார்ச் பக்கத்தைப் பார்த்து உங்கள் ஓவியர் புதிதாக ஒன்று வரைந்து, அவர் பெயரைப் போட்டு விற்றிருந்தால் சந்தோஷமாக வாங்கியிருப்பேன். உங்கள் விளம்பரத்தில் இருந்ததோ மூல ஓவியத்தின் படம், அரைவட்டத்தோடு. 1411 புத்தாண்டுக்கு லிம்பூர்க் சகோதரர்கள் பெர்ரி பிரபுவுக்கு ஒரு பரிசு கொடுத்தார்கள். பார்த்தால் புத்தகம், உள்ளே பக்கமே கிடையாது, புத்தகம் போல வண்ணம் தீட்டிய மரக்கட்டை. அது தெரிந்தவர்களுக்குள் நடந்த விளையாட்டு, பிரபுவும் ரசித்து வைத்துக்கொண்டார். விலை வாங்கிக்கொண்டு அப்படிக் கொடுப்பது வேறு.

நான் கேட்பது இவைதான். 3,400 ரூபாயையும் முழுதாகத் திருப்பித் தர வேண்டும், தள்ளுபடிக் கூப்பன் வேண்டாம். விளம்பரத்தில் காட்டும் படமும் அனுப்பும் படமும் ஒன்றாக இருக்கும் வரை இந்தப் பொருளின் விற்பனையை நிறுத்த வேண்டும். மறுபடி அச்சிடுவதாக இருந்தால் அரைவட்டத்தை வெட்டாமல், மாதங்களை மாற்றாமல், வரைந்தவர்களின் பெயரையும் அருங்காட்சியகத்தின் பெயரையும் போட்டு அச்சிடுங்கள். அப்படி வந்தால் முதல் ஆளாக நான் வாங்குகிறேன், விலை கூடுதலாக இருந்தாலும் சரி.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்துவிட்டு, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். விளம்பரப் பக்கத்தை அன்றைக்கே படமெடுத்து வைத்திருக்கிறேன். அதையும், பில்லையும், ஒவ்வொரு மாதத்தின் மூலப் படத்தையும் உங்கள் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்த 12 போட்டோக்களையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

அச்சுப்படங்கள் வந்த அட்டைக் குழாயிலேயே பத்திரமாக இருக்கின்றன. காலண்டர்கள் இரண்டையும் சுவரிலிருந்து இறக்கிவிட்டேன். கூரியர் ஆளை அனுப்பினால் எல்லாவற்றையும் கொடுத்துவிடுகிறேன். ஞாயிறு காலை 10 முதல் 12 வரை வகுப்பு நடக்கும், அந்த நேரம் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்