ஸ்டேஷன் கட்டுகிறவர்கள் கொஞ்சம் உட்கார்ந்து பார்க்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காவல் நிலையத்துக்குப் புதுக் கட்டடம் திறந்தால் ரிப்பன், கிரானைட், பூந்தொட்டி எல்லாம் படத்தோடு செய்தியாகிவிடுகிறது. ஆறு மாதம் கழித்து உங்கள் நிருபர் ஒருவர் உள்ளே போய் ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டு எழுதினால் தேவலை.

சென்னையில் எங்கள் ஏரியா ஸ்டேஷனில் சட்டம் ஒழுங்கு, குற்றப்பிரிவு, போக்குவரத்து மூன்றும் ஒரே கட்டடத்தில்தான். அம்மாவின் செல்போன் தொலைந்துபோய் சி.எஸ்.ஆர். (புகார் கொடுத்ததற்கான ரசீது) வாங்கப் போனோம். "க்ரைம் மாடியில, ஏறிப் போங்க" என்றார் பாராவில் இருந்தவர். அம்மாவுக்கு மூட்டுவலி, லிஃப்ட் கிடையாது. வாசலில் சாய்தளம் கட்டியிருக்கிறார்கள், மறுக்கவில்லை, ஆனால் அதன் குறுக்கே டேங்கில் வெள்ளை பெயிண்டால் குற்ற எண் எழுதிய ஒரு பைக், இரண்டு டயரிலும் காற்றில்லாமல் நிற்கிறது. பெண்கள் கழிப்பறைக்குப் பூட்டு, சாவி எங்கே என்று ரைட்டரிடம் கேட்க வேண்டும். புகார் கொடுக்க வந்த பெண் முன்பின் தெரியாத ஆண்களுக்கு நடுவே நின்று அதைக் கேட்பாளா? அங்கே வேலை பார்க்கும் பெண் காவலர்களுக்கும் இதே கதிதான், அவர்கள் வெளியில் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

பைக்குகள் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2002-லேயே, சுந்தர்பாய் தேசாய் வழக்கில், பிடித்த வண்டிகளை ஸ்டேஷனில் போட்டு வைத்திருப்பதில் பயனில்லை, போட்டோ எடுத்துக்கொண்டு பிணைப்பத்திரம் வாங்கி உரியவரிடம் கொடுங்கள், யாரும் கேட்டு வராவிட்டால் ஏலம் விடுங்கள் என்று சொல்லிவிட்டது. எந்த ஸ்டேஷன் வாசலையாவது பார்த்தால் அப்படி ஒரு தீர்ப்பு வந்த மாதிரியா இருக்கிறது?

கேமராவும் அப்படித்தான். லாக்கப், வராண்டா, இன்ஸ்பெக்டர் அறை, கழிப்பறைக்கு வெளியே என்று எங்கெங்கே வைக்க வேண்டும், பதிவு எத்தனை மாதம் இருக்க வேண்டும் (18, முடியாவிட்டால் குறைந்தது ஒரு வருடம்), ஒலியும் பதிவாக வேண்டும் என்பது வரை 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. அதே வருடம் ஜூனில், போலீஸ் பிடித்துப்போன தந்தையும் மகனும் இறந்துபோன சாத்தான்குளம் ஸ்டேஷனில், ஹார்ட் டிஸ்கில் இடம் இருந்தும் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைத்திருந்ததை விசாரணைக்குப் போன மாஜிஸ்திரேட் எழுதி வைத்தார். ஆகவே கேமரா மாட்டியாச்சு என்று சொன்னால் போதாது, பதிவு எத்தனை நாள் இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

காவலர் வீட்டுவசதிக் கழகம் அடுத்த ஸ்டேஷனுக்கு வரைபடம் போடும்போது எந்தப் பிரிவுக்கான புகாராக இருந்தாலும் தரைத்தளத்திலேயே வாங்கிக்கொள்ள ஒரு கவுன்டர், பக்கத்தில் பூட்டில்லாத கழிப்பறை, நான்கு நாற்காலி வைத்தால் போதும். கிரானைட் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி, சென்னை