சுங்கை சிப்புட்டில் வீடு தேடும் தம்பிக்கு

அன்புத் தம்பிக்கு,

ஷா ஆலம் வாடகை கட்டுப்படியாகவில்லை, வேலையும் வீட்டிலிருந்தே என்றாகிவிட்டது, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டுக்கே குடும்பத்தோடு வந்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். "வரலாற்று ஊராச்சே அக்கா, பார்க்க என்ன இருக்கு?" என்றும் கேட்டாய். இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் சுலபம். பெரிதாக ஒன்றும் இல்லை.

1948 ஜூன் 16 காலை கம்யூனிஸ்டுக் கொரில்லாக்கள் இங்கே எல்பில் தோட்டத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரையையும், பின் சூன் தோட்டத்தில் இரண்டு துரைகளையும் சுட்டுக் கொன்றார்கள். அதையொட்டி ஆங்கிலேய அரசு அறிவித்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. பாடநூல் இதோடு நிறுத்திக்கொள்ளும். அதற்குப் பிறகு பட்டதெல்லாம் லயத்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின், சனங்கள்தான். சிதறிக் கிடந்த லயங்களை ஓரிடத்தில் கூட்டி முள்வேலி போட்டார்கள். காட்டுக்குள் இருக்கும் கொரில்லாக்களுக்குப் போய்விடும் என்று அரிசியைக்கூட அளந்துதான் கொடுத்தார்கள். வயதானவர்களிடம் கேட்டால் துரைகள் செத்த கதையை ஒரு வரியில் முடித்துவிட்டு, அரிசி கதையை அரை மணி நேரம் சொல்வார்கள். எனக்கும் அதுதான் சரியான அளவு என்று படுகிறது.

ஊரைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் வீட்டு விஷயத்தைப் புரிந்துகொள். தோட்டத்தில் வீடு வேலையோடு ஒட்டியது. விடிவதற்குமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, குளிர் இருக்கும்போதே கித்தா (ரப்பர்) மரத்தின் பட்டையை வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும். மழை பெய்து பட்டை நனைந்தால் வெட்டு இல்லை, அன்றைய கூலியும் இல்லை. இப்படி ஆயுசு முழுக்க உழைத்தவர் ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்ய வேண்டும். பிள்ளைகளில் யாராவது அதே தோட்டத்தில் வேலை செய்தால் தப்பித்தார். ஐம்பதுகளில் பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கும் தோட்டத் துண்டாடல் தொடங்கியபோது, வேலையும் வீடும் ஒரே நாளில் போயின.

இந்த ஊர்க்காரரும் மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்தவருமான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இதற்காகத்தான். பாட்டாளிகள் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு சேர்த்தார்கள்; கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் முதலில் வாங்கியது. அவருடைய அரசியலைப் பற்றி வீட்டில் சண்டை வரும், அது வேறு கதை. இந்த ஒரு காரியத்தில் மட்டும் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

இப்போது கித்தா மரங்கள் இருந்த இடத்தில் பெரும்பாலும் செம்பனை. குலை அறுப்பவர்களில் பலர் இந்தோனேசியா, வங்காளதேசத்திலிருந்து வந்தவர்கள். தோட்டத்திலிருந்து வந்த நம்மவர்கள் தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) இருக்கிறார்கள். நீ தேடப்போவதும் அந்த வரிசை வீடுகளில்தான். வாசலில் கறிவேப்பிலை, பின்னால் முருங்கை, இரண்டு கோழி. புதிதாக யார் வந்தாலும் பெயரைக் கேட்பதற்கு முன்பே "எந்தத் தோட்டம்?" என்று கேட்பார்கள். ஷா ஆலம் என்று சொல்லாதே, அடுத்த கேள்வி வரும். உன் அப்பா பிறந்த தோட்டத்தைச் சொல். அரை மணி நேரத்தில் உன் பாட்டி வரைக்கும் போய்விடுவார்கள். இது சிலருக்குப் பிடிக்கும், சிலருக்கு மூச்சு முட்டும். உன் மனைவியிடம் முன்கூட்டியே சொல்லி வை.

மற்றபடி வாழ்க்கை சிக்கனமானது. காலையில் பாசாருக்குப் (சந்தைக்கு) போய் மீன் வாங்கி, பசியாறிவிட்டு வீடு திரும்பினாலும் உன் வேலை நேரத்துக்கு முன் வந்துவிடலாம். லாசா பக்கமிருந்து பூர்வகுடியினர் கொண்டுவரும் பெத்தாய் என்ற காட்டு அவரை பருவத்தில் மலிவு. இ.டி.எஸ். என்ற மின்சார விரைவு ரயில் இங்கே நிற்கிறது, கோலாலம்பூருக்குப் போய்வரக் கவலையில்லை. ஆனால் சிறப்பு மருத்துவர் என்றால் ஈப்போதான். மோட்டார் சைக்கிள் இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. இணையம் பட்டணத்துக்குள் பரவாயில்லை, தோட்டப் பக்கம் நம்பாதே.

பாப்பாவின் பள்ளிதான் யோசிக்க வேண்டியது. ஒரு பள்ளியில் பிள்ளைகள் 150 பேருக்குக் குறைவாக இருந்தால் அது குறைந்த மாணவர் பள்ளிக் கணக்கில் வரும். தோட்டப் பள்ளிகளில் பல அப்படித்தான். ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டையும் அறிந்திருப்பார், அது பெரிய லாபம். ஆனால் பிள்ளைகள் ரொம்பக் குறைந்துவிட்டால் இரண்டு வகுப்பைச் சேர்த்து நடத்துவார்கள். பட்டணத்தில் சம்பந்தன் தொடங்கிய மகாத்மா காந்தி கலாசாலை இருக்கிறது. நானாக இருந்தால் அங்கேதான் சேர்ப்பேன்.

வீடு பார்க்க அக்டோபர், நவம்பர் மழையில் வா. கூரை ஒழுகுவதும் கால்வாய் நிரம்புவதும் அப்போதுதான் தெரியும். முன்பணம் கேட்டால் உடனே தலையாட்டாதே, என்னிடம் சொல். வீட்டுக்காரர் யாராக இருந்தாலும் எந்தத் தோட்டம் என்று விசாரித்து நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா