எங்கள் ஊர்ச் செய்தியை எங்கள் பிள்ளைகள் எழுதட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டான் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் ஊடகக் கற்கை படிப்பிக்கிறேன். கடந்த மாதம் தரம் 10 பிள்ளைகள் 31 பேரை யாழ்ப்பாணத்தில் உள்ள ஒரு தொலைக்காட்சி நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். விடியற்காலை ஐந்து மணிக்கு பஸ் வெளிக்கிட்டது. மாங்குளத்தில் ஏ9 வீதிக்கு ஏறி, முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கிக்கொண்டோம். ஆனையிறவு தாண்டும்போது பாதிப் பேர் நித்திரை.

கலையகத்துக்குள் போனதும் எல்லோரும் விழித்துக்கொண்டார்கள். கமராவுக்கு முன்னால் ஒரு கண்ணாடி சரிவாக நிற்கிறது. கீழே உள்ள திரையில் எழுத்து இடம்வலம் மாறி ஓட, கண்ணாடியில் அது நேராகத் தெரிகிறது. செய்தி வாசிப்பவர் தாளைப் பார்க்காமல் எங்களைப் பார்த்தே வாசிப்பது இதனால்தான். நான் கரும்பலகையில் எத்தனை தரம் கீறிக் காட்டியும் விளங்காதது அங்கே இரண்டு நிமிடத்தில் விளங்கியது. பச்சைச் சட்டை போட்டு வந்த மாணவன் ஒருவன், பச்சை நிறம் உள்ள இடத்தில் வேறு படம் தெரியச் செய்யும் பச்சைத் திரைக்கு முன்னால் நின்றான். தலையும் கைகளும் மட்டும் வானிலைப் படத்தின் மேல் மிதந்தன. அந்தச் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

நான் எழுத வந்தது செய்தி மேசையில் நடந்ததைப் பற்றி. மாணவி ஒருத்தி அங்கிருந்த செய்தி ஆசிரியரிடம், "எங்கட ஊர் வெள்ளம் வந்தால்தானே ரீவியில் வருது? போன கிழமை யானை வந்து எங்கட தென்னம்பிள்ளை எல்லாத்தையும் முறிச்சது, ஒருத்தரும் போடேல்லை" என்றாள். அவர் கோபிக்கவில்லை. "எத்தனை தென்னம்பிள்ளை?" என்று கேட்டார். "நிறைய." "எண்ணினீங்களா? எத்தனை மணிக்கு வந்தது? பக்கத்துக் காணிகளிலும் முறிச்சதா? கிராம சேவையாளருக்குச் சொன்னீங்களா?" ஒன்றுக்கும் அவளிடம் பதில் இல்லை. அவ்வளவு பெரிய பிரதேசத்துக்கும் தங்களுக்கு ஒரேயொரு செய்தியாளர்தான் என்றும், அவரும் வேறு தொழில் செய்துகொண்டே செய்தி அனுப்புகிறார் என்றும் அவர் அப்போதுதான் சொன்னார்.

அடுத்த திங்கட்கிழமை அவள் கொப்பியோடு வந்தாள். தங்கள் காணியில் 23, பக்கத்துக் காணியில் 9. நேரம், ஒழுங்கை, வேலி பிரிந்த இடம், எல்லாம் எழுதியிருந்தாள். நான் ஒரு சொல்லும் திருத்தவில்லை.

ஐயா, பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போக எல்லாப் பாடசாலைக்கும் வசதி இல்லை. எங்களிடமே காசு கட்ட முடியாமல் எட்டுப் பிள்ளைகள் வரவில்லை. உங்கள் பத்திரிகையும் தொலைக்காட்சிக்காரரும் தவணைக்கு ஒரு நாளாவது முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பாடசாலைகளுக்கு ஓர் ஆளை அனுப்புங்கள். கமரா வேண்டாம். அந்தச் செய்தி ஆசிரியர் கேட்டதுபோல் பிள்ளைகளிடம் கேள்வி கேட்கத் தெரிந்த ஒருவர் வந்தால் போதும்.

அவள் எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன். எட்டு வரிதான். இடம் இருந்தால் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை,
ஒட்டுசுட்டான்.